மூன்றாவதாக இறங்குகிறவர்

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்துக்கு ஒரு வகைச் செய்தி பழகிப்போனது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்குவார்; கூப்பிட்டால் பதில் வராது. என்ன ஆயிற்று என்று பார்க்க இன்னொருவர் இறங்குவார். இருவரையும் தூக்க மூன்றாமவர் குதிப்பார். மறுநாள் நாளிதழில் ‘விஷவாயு தாக்கி’ என்று தொடங்கும் தலைப்பு வரும். முதலில் இறங்கியவருக்கு விதி முடிந்தது என்போம், மூன்றாமவரைத் தியாகி என்போம். இரண்டும் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதைபோலத் தெரிகின்றன. ஆனால் இரண்டுமே, மேலே நிற்கிற நம்மைக் கேள்வியிலிருந்து தப்பவைக்கின்றன என்பது என் கட்சி.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதில் அறம் பேச முடியாது. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். குரோம் ஏற்றும் கட்டத்தின் அமில நீர் அதே கால்வாயில் வந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பிவிடும். கலக்காவிட்டாலும், நாள்கணக்கில் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதே வாயுவை உண்டாக்கும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மண்வெட்டியால் சேற்றைக் கிளறியதும் குபீரென்று எழும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்பது பாதி உண்மைதான். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்பவர் பொய்ச்சாட்சியை நம்பி இறங்குகிறார். மோட்டார் படகிலும் கசிந்த பெட்ரோல் ஆவி இப்படித்தான் அடித்தளத்தில் படியும். அதனால் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டப்பட்ட பெட்ரோல் படகுகளில், மூடிய இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. கிளப்பும் முன் 4 நிமிடம் அதை ஓடவிடச் சொல்லும் எச்சரிக்கையையும் ஒட்டவைத்தது. உல்லாசப் பயணியின் மூக்கை ஒரு சட்டம் நம்ப மறுக்கிறது. கூலிக்கு இறங்குகிறவரின் மூக்கை மட்டும் நம் வழக்கம் நம்பிக்கொண்டிருக்கிறது.

அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று 1986-ல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எச்சரித்தது. அப்படியானால் கண்முன்னே தம்பி விழும்போது கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா, அப்படி நிற்பவன் மனிதனா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குதித்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் நிலையில் வேறு எதுவும் தோன்றாது. ஆனால் இந்தக் கேள்வியே ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. குதித்தால் சாவு, நின்றால் ஆறாத குற்றவுணர்வு என்ற நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு கருணைக்கு அங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அதன் வேளை முன்பே வந்து போய்விட்டது. வடலூரில் 1867-ல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பசித்தவரைக் கண்டு உருகுவதோடு நிற்கவில்லை. பசித்தவர் வருமுன்பே அடுப்பு எரிந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்தார். ஜீவகாருண்யம் என்பதை நெஞ்சின் நெகிழ்ச்சியாக மட்டும் எடுத்துக்கொண்ட நாம் அந்த விறகையும் அரிசியையும் மறந்துவிடுகிறோம். தொட்டி விஷயத்தில் விறகும் அரிசியும் என்றால் காற்று ஊதும் இயந்திரம், வாயுமானி, சல்பைடு நீருக்கும் அமில நீருக்கும் தனித்தனிக் கால்வாய்.

விதிக்கு வருவோம். குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்ததோடு ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறது; ஒன்றைப் படித்து மற்றதை விடுவது வாசகரின் சௌகரியம். இந்த வட்டாரத்தில் தோல் தொழிலை வளர்த்தவர்களில் முஸ்லிம்கள் பலர். ‘நஸீபு’, அதாவது விதி, என்று சொல்லி ஆறுதல் தேடுவோருக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவன்மேல் பொறுப்பைப் போடும்படி நபிகள் நாயகம் சொன்னதாக வரும் செய்தி தெரியாததல்ல. கர்மத்தை நம்புகிறவருக்கும் தப்ப வழியில்லை: இறந்தவரின் முன்வினையைத் துருவுகிறவர், வாயுமானி வாங்காத முதலாளியின் இன்றைய வினையை எந்தக் கணக்கில் எழுதுவார்? சாகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாடு முழுக்கத் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறங்கிச் சாகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சாதியும் வறுமையும் பார்த்து ஆளைப் பொறுக்குகிற ஒன்றை விதி என்பது, விதியை நம்புகிறவர்களுக்கே இழுக்கு.

அவரே ஒப்புக்கொண்டுதானே இறங்கினார், கூலியும் பேசியாயிற்றே என்பது கடைசி வாதம். ஆபத்து எவ்வளவு என்று தெரியாதவரின் சம்மதம் சம்மதமாகாது. தெரிந்தும் வீட்டு அடுப்புக்காக இறங்குபவரின் சம்மதத்தைக் காட்டிப் பேசுவது அதைவிட மோசம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம் அதனால்தான் தொழிலாளியின் சம்மதத்தைக் கேட்பதில்லை. சாக்கடை மரணங்களுக்கு 2014-ல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம் 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. குடும்பத்துக்கு அது வேண்டும்தான், ஆனால் பணம் வருவது ஆள் போன பிறகு. இயந்திரத்தால் முடியாமல் ஆள்தான் இறங்கியாக வேண்டுமென்றால், அவர் உடம்பில் மாட்டிய பாதுகாப்பு வாரில் கயிறும், மேலே அதைத் தாங்கும் மூன்றுகால் சட்டமும், வாயுமானியைப் பார்த்தபடி ஒருவரும் இருக்க வேண்டும். என்ன நேர்ந்தாலும் உள்ளே இறங்காமல் கயிற்றை இழுப்பதுதான் மேலே நிற்பவரின் வேலை. அந்த வேலைக்கும் ஓர் ஆள் கூலி உண்டு. பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்தக் கூலிதான்.