விளையாட்டில் செய்த துரோகம்



பத்து வயதுப் பையன் ஒருவன் செல்போனில் கதை விளையாடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வீரன் அவனேதான். நடுவழியில் ஒரு கேள்வி வருகிறது: காயப்பட்ட தோழனைச் சுமந்து போகிறாயா, அல்லது அவன் பையிலுள்ள பொன்னை எடுத்துக்கொண்டு தப்புகிறாயா? பையன் பொன்னைத் தொட்டுவிடுகிறான். பக்கத்தில் நின்று பார்த்த தாய், "இது பாவமா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்?

ஞானோபதேசம் படித்தவர்கள் சட்டென்று பதில் சொல்வார்கள். தோழனும் இல்லை, பொன்னும் இல்லை, களவு எங்கே? நியாயந்தான். வேஷம் கட்டுவது நமக்கும் புதிதல்ல. பெரிய வாரத்தில் யூதாசாக நடித்தவனை அதற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார் உண்டோ? வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற அர்ச். தேவசகாயம் பிள்ளையின் சரித்திரத்தை நாடகமாக ஆடிய நம் தென்னாட்டு ஊர்களில், அவரை வதைக்கும் சேவகனாகவும் யாராவது ஒருவர் வரத்தானே வேண்டும்? நடிகர் தொழில் தன்னிலே குற்றமல்ல, விளையாட்டு ஆத்துமத்துக்கு இளைப்பாறுதல் என்று 13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். (அளவு மீறலாகாது என்றும் அவரே எழுதினார். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டப்போவதில்லை!)

ஆனாலும் தாயின் கேள்வி அதோடு தீரவில்லை. யூதாசாக நடிப்பவன் காட்டிக்கொடுக்கத் தீர்மானிக்கவில்லை; நாடக ஏடு தீர்மானித்தது. முப்பது வெள்ளிக்காசை அவன் வீசியெறிவதையும் ஊர் முழுதும் பார்க்கிறது. செல்போன் கதையிலோ தீர்மானம் பையனுடையது. பொன் பொய், பொன்னின் பக்கம் சாய்ந்த மனமும் பொய்யா? வெறும் வேடிக்கைக்காகவும் அவன் அதைத் தொட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இன்னொன்று: பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி, தோழனை மறுபடி உயிரோடு கண்டுகொள்ளலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே வராது. கத்தியும் துப்பாக்கியும் காட்டும் விளையாட்டுகளைக் குறித்து நாம் படும் கவலையில் பாதியையாவது இதற்குச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகைக் கதையைப் பிரபலமாக்கியவர் எட்வர்ட் பாக்கர்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர். இரவில் தம் இரு பெண்மக்களுக்குக் கதை சொல்லுகையில் மேலே கதை ஓடாமல் நின்றுவிடவே, அடுத்து என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அதிலிருந்து பிறந்த எண்ணம், 1979-ல் 'காலத்தின் குகை' என்ற புஸ்தகத்துடன் பெரிய வரிசையாக வளர்ந்தது. ஆக, இந்த விளையாட்டு பிறந்தபோது பிள்ளைகளின் அருகே தகப்பன் இருந்தார். நெல்லைச் சீமை வில்லுப்பாட்டிலும் அப்படித்தான். பாடுகிறவருக்கு "ஆமா" போட ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யந்திரமும் கேட்கிறது, பதிலை வாங்கிக்கொள்ளுகிறது. "ஏன்?" என்று மட்டும் கேட்பதில்லை.

2006-ல் தொடங்கிய ரோப்ளாக்ஸ் போன்றவற்றில் விஷயம் வேறு. அங்கே பிள்ளைகள் அம்மாவாக, கடைக்காரராக, போலீஸாக வேஷம் போட்டு, முகமறியாத மற்றவர்களோடு கூடி விளையாடுகிறார்கள். எதிரே நிற்கும் பொம்மைக்குப் பின்னால் மெய்யான ஒரு குழந்தை இருக்கும். குழந்தை வேஷத்தில் வயது வந்தவன் இருப்பதும் உண்டு. அங்கே ஏமாற்றினால் ஏமாறுகிறவனின் கண்ணீர் மெய். "விளையாட்டுத்தானே" என்ற பதில் அவ்விடத்தில் செல்லாது.

ஆகவே, அந்தத் தாய்க்கு ஒன்று சொல்லலாம். செல்போனைப் பிடுங்குமுன் ஒரு கதை முடியும்வரை அவன் பக்கத்தில் உட்காருங்கள். "ஏல, எதுக்கு அத எடுத்த?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "சும்மாதாம்மா, என்ன ஆவுதுன்னு பாக்கதுக்கு" என்றால் சிரித்துவிடலாம். "எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க" என்று பதில் வந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுங்கள்.