ஜீவனாம்சம் என்னும் சொல்

நெடுமங்காட்டிலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலைவளைவுகளுக்கு முன் வரும் சிற்றூர் கல்லாறு. ஆற்றுப்படுகை நெடுகிலும் உருண்டு திரண்ட கற்கள். ஊருக்குப் பெயர் தந்தவை அவையே போலும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கொரு தேநீர்க்கடையில் பேருந்துக்குக் காத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த தமிழ் அம்மையார் ஒருவர் தம் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நீதிமன்ற ஆணை அது. மணமுறிவு பெற்ற கணவர் திங்கள்தோறும் இன்ன தொகை தரவேண்டும் என்றிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், "நான் அந்த வீட்டுல பாடுபட்ட இருபத்திரண்டு வருசம் இதுல எங்கேங்கய்யா எழுதியிருக்கு?" என்றார்.

மீண்டும் படித்தேன். அவருடைய வயது இருந்தது. வருமானம் ஏதுமில்லை என்பது இருந்தது. கணவரின் கூலி இருந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளோ, மணநாளைக் குறித்த ஒரு வரிக்குமேல் எங்கும் இல்லை.

ஜீவனாம்சம் என்பது தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் வடசொல். ஜீவனம் பிழைப்பு, அம்சம் பங்கு. பங்கு என்பது உரியவர்க்குச் சேரவேண்டியது, இரந்து பெறுவதன்று. ஆயின், நம் சட்டம் இப்பொருளில் பிறந்ததன்று. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென அமைந்த 488-ஆம் பிரிவு, கைவிடப்பட்டோர் தெருவில் நின்றுவிடலாகாது என்னும் கவலையில் எழுந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, மணவிலக்குப் பெற்று மறுமணம் புரியாத பெண்ணையும் 'மனைவி' என்ற சொல்லுள் அடக்கியது. பெரிய முன்னேற்றமே. எனினும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் என்றால்தான் அவருக்குத் தொகை உண்டு. திங்களுக்கு 500 ரூபாய் என்ற வரம்பு 2001-இல்தான் நீக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அதே ஏற்பாடு புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக வழங்கி வருகிறது. எண் மாறியது, கேள்வி மாறவில்லை. 'உனக்கு என்ன குறை?' என்றே சட்டம் கேட்கிறது. 'நீ என்ன தந்தாய்?' என்று கேட்பது அரிது.

இந்தூர் ஷா பானு அம்மையாரின் வழக்கை நினைவுகூர்வோம். 1932-இல் மணம் புரிந்தவர், 1975-இல் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார், 1978-இல் மணவிலக்கு. கணவர் வழக்கறிஞர். கீழ் நீதிமன்றம் விதித்தது திங்களுக்கு 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததும் நாடெங்கும் எழுந்த பூசல் சமயத்தைப் பற்றியது. அந்த இருபது காசை யாரும் பேசியதாக நினைவில்லை. அத்துணை நுணுக்கமாகக் கணக்கிடத் தெரிந்த நமக்கு, நாற்பத்துமூன்று ஆண்டு இல்லறத்தைக் கணக்கிடத் தெரியவில்லை!

இவ்வினாவே எழாத காலம் ஒன்று திருவிதாங்கூரில் இருந்தது. மருமக்கத்தாய முறையில், மணமானபின்னும் பெண்ணின் இடம் தாய்வழித் தறவாடே. கணவன் வந்து போகிறவன். உறவு முறிந்தால் அவள் கூரையை இழப்பதில்லை. 1912, 1925 ஆகிய ஆண்டுகளின் நாயர் சட்டங்கள் அவ்வுறவை முறையான திருமணமாக ஏற்றுக் கணவனுக்குக் கடமைகளை வகுத்தன. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக் குடும்ப உரிமையையே ஒழித்தது. பழைய முறையைப் பொற்காலமென்று நான் பாடவில்லை. காரணவரின் ஆட்சியில் எத்தனை பேர் வாய்மூடிக் கிடந்தனரோ! ஆனால், பெண்ணைத் தன் வீட்டிலிருந்து பெயர்த்து வேறொரு வீட்டில் நட்டபின், அங்கு அவள் உழைப்பில் விளைந்ததில் பங்கில்லை என்பது எவ்வகை அறம்?

பங்கு என்று கொண்டால் சில முடிவுகளையும் ஏற்கத்தான் வேண்டும். மறுமணத்தோடு ஜீவனாம்சம் நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, மணமுறிவுக்குப் பின்னும் அவள் கற்பில் தவறினாள் எனக் கண்டால் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ இடம் தருகிறது. ஈட்டிய பங்கு பின்னாளைய வாழ்க்கையால் அழியுமோ? கடையில் கூட்டாளியாயிருந்து விலகியவரிடம் இவ்வாறு யாரும் கேட்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. பங்கு என்றால் நட்டத்திலும் பங்கே. பொருளிழந்து மீண்ட கோவலனுக்குக் கண்ணகி தன் சிலம்பை முன்வைத்தாள். அந்த 25-ஆம் பிரிவே மனைவியிடம் கணவன் கேட்கவும் வழிசெய்கிறது, அதில் இழுக்கில்லை. இருவரும் தத்தம் சொத்தையும் வரவையும் உறுதிமொழியாக நீதிமன்றத்தில் வைக்கவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது, இவ்வகையில் நேர்மையான தொடக்கம். நாட்கூலியாளன் மறுமணம் செய்து பிள்ளைகளும் பெற்றபின், அவனுடைய கூலியை இரு அடுப்புகளுக்குப் பங்கிடுவது எங்ஙனம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. நிலுவைக்காக அவனைச் சிறையில் இட்டால் அந்நாட்களின் கூலியும் போகும்.

இவற்றையெல்லாம் அன்று அந்த அம்மையாரிடம் நான் சொல்லவில்லை. "வருசக் கணக்கு எழுதுவதில்லையம்மா" என்று மட்டும் சொன்னேன். "எழுதச் சொல்லிக் கேட்கலாமுங்களா?" என்றார். வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். நெடுமங்காட்டுப் பேருந்து வந்தது. தாளை நான்காய் மடித்து, பாலித்தீன் உறையில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டு ஏறினார்.