திரும்புவது தோல்வியா?





வளைகுடாவிலிருந்து வரும் மகனையோ, உம்ரா முடித்து வரும் பெற்றோரையோ அழைத்து வர மழைநாளில் மீனம்பாக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பல்லாவரம் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால், மேகத்துக்குள் முதலில் விளக்கு மட்டும் தெரியும். பிறகு 200 டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய விமானம், மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில், நனைந்து கிடக்கும் ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும். சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னால் தண்ணீர் புகையைப் போல எழும்பும்.

உள்ளே இருப்பவர்கள், “என்ன இப்படித் தடால்னு இறக்கிட்டான்!” என்று குறை சொல்வார்கள். ஆனால் ஈரமான பாதையில் கொஞ்சம் அழுத்தமாக இறக்குவதுதான் முறை. பூப்போல இறக்கினால் டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுவிடும். சக்கரம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் பிடிக்காது.

இதைவிடக் கடினமான வேலை ஒன்றும் விமானிக்கு இருக்கிறது. வழக்கமான கருவி வழி இறக்கத்தில், சுமார் 200 அடி உயரத்துக்கு வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஊர் காலுக்குக் கீழே வந்த பிறகு, மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோ அரவுண்ட்’.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் சென்னையில் இது நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மும்பையிலிருந்து வந்த விமானம் தரையைத் தொடும் நேரத்தில் காற்றில் தள்ளாடியது. விமானி அந்த நொடியில் மேலே ஏறிவிட்டார். பிறகு பாதுகாப்பாக இறங்கினார்கள்.

அன்பானவர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஈமான் உள்ளவன் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் புறப்படுகிறான். இடையில் திரும்புவது தவக்குலில் உள்ள குறையா? எடுத்த காரியத்தில் உறுதியாக நில் என்றுதானே மார்க்கம் சொல்கிறது?

இந்தக் கேள்வியை அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட அவர்கள் ‘ஸர்ஃ’ என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவிவிட்டதாகத் தகவல் வருகிறது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசிக்கிறார்கள்; கருத்து இரண்டாகப் பிரிகிறது. அன்ஸாரிகளை அழைக்கிறார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷியரில் மூத்தவர்களை அழைத்தபோது, அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்கிறார்கள். உமர் (ரலி) திரும்ப முடிவு செய்கிறார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொல்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான், வறட்சியில் மேய்த்தாலும் அவன் விதிதான் என்று உதாரணமும் காட்டுகிறார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1400 ஸஹாபாக்கள். இஹ்ராம் கட்டியாகிவிட்டது. குர்பானி ஒட்டகங்கள் கையில். மக்கா கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் உம்ரா செய்யாமலே திரும்பினார்கள். ஸஹாபாக்களின் உள்ளம் உடைந்தது. அந்தத் திரும்பும் வழியில்தான் அல்லாஹ் அதைத் தெளிவான வெற்றி என்று அறிவித்தான்.

அப்படியானால் உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசம் எங்கே? மேலே ஏறும் விமானி ஊரை விட்டுவிடவில்லை. அந்த ஒரு முயற்சியைத்தான் விடுகிறார். பெருமானார் (ஸல்) அவர்கள் மறு ஆண்டு உம்ரா செய்தார்கள். உமர் (ரலி) அவர்களும் பின்னர் ஷாமுக்குச் சென்றார்கள். நோக்கத்தில் உறுதி வேண்டும். ஆபத்தான வழியென்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்கக் கூடாது.

இன்னொரு மழை இரவையும் நினைவுபடுத்துகிறேன். 2020 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோடு கரிப்பூரில் விபத்துக்குள்ளானது. மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதை அது. விமானி முதலில் ஒரு பக்கம் இறங்க முயன்று, முடியாமல் சரியாகவே மேலே ஏறினார். இரண்டாவது முறை மறுபக்கத்திலிருந்து வந்தபோது, பின்னாலிருந்து தள்ளும் காற்று, ஈரமான பாதை. ஓடுபாதையில் பாதி தூரம் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் நிற்காமல் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியும் தலைமை விமானி மேலே ஏறவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து மேலே ஏற்றவில்லை என்று அரசின் விசாரணை அறிக்கை கூறியது. மறுநாள் காலை அங்கிருந்து இன்னொரு விமானத்தை ஓட்டும் பொறுப்பும் தலைமை விமானிக்கு இருந்தது. அவர் நீண்ட அனுபவம் உள்ளவர். இறந்தவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் நாம் நம்மைப் பார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த விமானி அறை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது.

நிகாஹுக்கு ஒரு வாரம் இருக்கிறது. மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, பிரியாணிக்கு முன்பணமும் போய்விட்டது. அந்த நேரத்தில் மகள் தாயிடம் வந்து, “உம்மா, எனக்கு இது வேண்டாம்” என்கிறாள். மாப்பிள்ளையைப் பற்றி வந்த தகவலும் நல்லதாக இல்லை. தந்தைக்கும் உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் அவர் வாயில் வருவது, “இனிமே எப்படி நிறுத்துறது? ஊர் என்ன சொல்லும்?” பாதி ஓடுபாதை தாண்டியாகிவிட்டது என்பதையே இறங்குவதற்குக் காரணமாகச் சொல்கிறார்! அது மேலே ஏறுவதற்கான காரணம் அல்லவா? மண்டபப் பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை?

பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேளுங்கள். ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் துக்கத்தில் எழாமல் இருந்தபோது, யாரிடமும் பேசாமல் நீங்களே முதலில் அறுத்துப் பலியிட்டு, தலைமுடி களையுங்கள் என்று யோசனை சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி). அல்லாஹ்வின் தூதரே தம் மனைவியின் ஆலோசனையை ஏற்றார்கள். நம் வீட்டில் மனைவி வாய் திறந்தால், “உனக்கென்ன தெரியும்?” என்கிறோம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயே, அண்ணனே, ஜமாஅத் நிர்வாகியே! ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் முணுமுணுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள். அநியாயம் செய்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

விமானத் துறையில் இரண்டு நல்ல நெறிகள் உண்டு. ஒன்று, இறங்க முடியாமல் போனால் வேறு ஊருக்குப் போவதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே நிரப்பிவிடுவார்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே மகளிடம் கேளுங்கள். கூட்டு வியாபாரத்தில் இறங்கும் முன்பே பிரிவதற்கான நிபந்தனைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றொன்று, பாதுகாப்புக்காக மேலே ஏறிய விமானியைத் தண்டிக்கக் கூடாது என்பது. நம் மஹல்லாவில் நின்றுபோன ஒரு நிச்சயத்தைப் பற்றி டீக்கடையில் நாம் பேசும் பேச்சைக் கேட்டால், அடுத்த தந்தைக்குத் திரும்பும் தைரியம் எப்படி வரும்? அவரைக் கீழே தள்ளுவதில் நம் நாவுக்கும் பங்கு இருக்கிறது. நாளை மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

தவ்பா என்ற சொல்லுக்கே திரும்புதல் என்றுதான் பொருள். திரும்பி வரும் அடியானை அல்லாஹ் நேசிக்கிறான். அவன் நேசிப்பவரை நாம் ஏளனம் செய்யலாமா?

யா அல்லாஹ்! உறுதியாக நிற்க வேண்டிய இடத்தில் உறுதியையும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பும் துணிவையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பக்கத்தில் இருப்பவர்களின் நல்ல குரலைக் கேட்கும் செவியைத் தருவாயாக! மழையிலும் வெயிலிலும் பயணத்தில் இருக்கும் அனைவரையும் அவரவர் வீட்டில் ஸலாமத்தாகச் சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.