லாடத்துக்கு நிறம் கிடையாது

வெலிங்டன் பிரபுவின் குதிரைக்குப் பெயர் கோபன்ஹேகன். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் ஏறக்குறைய 17 மணி நேரம் அவரைச் சுமந்தது. போர் முடிந்து இறங்கியவர் அதைத் தட்டிக்கொடுக்கப் போக, ஒரு உதை விட்டதாம். கொஞ்சம் பிசகியிருந்தால் ஐரோப்பிய வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். 1836-இல், 28 வயதில் அது இறந்தபோது தன் பண்ணையிலேயே ராணுவ மரியாதையோடு புதைத்தார். புதைக்கும்போது பார்த்தால் ஒரு குளம்பைக் காணோம். யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். வெலிங்டனுக்கு அப்படி ஒரு கோபம். எடுத்தவர் பண்ணை வேலையாள்களில் ஒருவர். பிரபு போன பிறகு அந்தக் குளம்பு அவர் மகனிடம் வந்து சேர்ந்தது. மகன் அதை மைக்கூடாகச் செய்துகொண்டார்.

நெப்போலியனின் குதிரை மாரெங்கோவுக்கும் இதே கதிதான். எலும்புக்கூடு லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு குளம்பு மூக்குப்பொடி டப்பாவாகிவிட்டது.

வேலையாள் செய்தது திருட்டு என்றால் மகன் செய்தது என்ன? இரண்டு பேருக்கும் அந்தக் குதிரைமேல் ஏதோ ஒரு பிரியம் இருந்திருக்க வேண்டும். பிரியமானதன் உடம்பிலிருந்து ஒரு துண்டை வைத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? அதுவும் உயிரோடு இருந்தவரை நம்மைச் சுமந்த உடம்பு.

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் யானைக்கவுனியில் செத்துப்போன ஒரு வெள்ளைக் குதிரை.

யானைக்கவுனி என்ற பேரே ஒரு நினைவுப்பொருள்தான். 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். அதில் இருந்த வாசல்களில் ஒன்று இது. மதிலுக்காகப் போட நினைத்த வரி பக்கத்திலேயே வால்டாக்ஸ் ரோடு என்று பேராக நிற்கிறது. மதில் இல்லை, கவுனி இல்லை, யானை சுத்தமாக இல்லை. புரட்டாசியில் திருப்பதிக் குடை கவுனியைத் தாண்டுகிற நாளில் மட்டும் அங்கே ஒரு வாசல் இருந்தது ஊருக்கே ஞாபகம் வரும். மற்ற நாளில் பாத்திரக் கடை, லாரி செட், ரயில் பாலம்.

சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்திக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில்தான் வருவார். பெண் குதிரையாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் விசேஷம். அப்படி ஒரு குதிரையை எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வைத்திருந்தார். அவருடைய அப்பா காலத்தில் சென்ட்ரலுக்கு ஜட்கா ஓட்டினார்களாம். ஆட்டோ வந்து ஜட்கா போனது, குதிரை மட்டும் கல்யாணத்துக்கு மாறிக்கொண்டது. அவளுக்கு ராணி என்று பேர். 11 வருஷம் இருந்தாள். ஒரு ராத்திரி வயிற்று வலி வந்து படுத்தாள், புரண்டாள், விடிவதற்குள் போய்விட்டாள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மனிதனுக்கு ஒரு நாள் அவஸ்தையோடு போகிற வயிற்றுக்கோளாறு அதற்கு எமன்.

நான் போனபோது பாய் வாசலில் உட்கார்ந்திருந்தார். ராணியின் வால்முடியில் ஒரு கற்றையைப் பின்னி நூலால் கட்டி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் நாலு லாடம்.

"கழட்டாம அனுப்ப மனசு வரல தம்பி. இரும்போட எதுக்குப் போவணும்?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு ஆள் வந்துவிட்டார். சனி தோஷத்துக்குக் கறுப்புக் குதிரையின் லாடத்தில் மோதிரம் செய்து நடுவிரலில் போடுவது அந்தப் பக்கத்தில் பலமான நம்பிக்கை. வாசல் நிலையில் அடிப்பவர்களும் உண்டு. புது லாடம் உதவாது, குதிரை நடந்து தேய்ந்ததாக இருக்க வேண்டும். "இது வெள்ளைக் குதிரையாச்சே" என்றதற்கு வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லாடத்துக்கு ஏது பாய் கலரு?"

மூன்று லாடத்தை பாய் கொடுத்துவிட்டார். ராணியை ஏற்றிப்போன வண்டிக்கும் குழி தோண்டியதற்கும் கைமாற்று வாங்கியிருந்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

அவருடைய மகளுக்கு இது பொறுக்கவில்லை. "செத்த அன்னிக்கே வித்துட்டியே அத்தா" என்று அழுதாள். அந்த அழுகையை நான் பல நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இந்த வழக்கு பழையது. ரோமானியத் தளபதி கேட்டோ, ஸ்பெயினில் தன்னைச் சுமந்த போர்க்குதிரையை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார். அதைக் கொண்டுவரும் கப்பல் செலவு அரசாங்கத்தின் தலையில் விழக் கூடாதாம். அவருடைய வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்குக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை. இது பெருந்தன்மையா அற்பத்தனமா என்று கேட்டுவிட்டு, தனக்காக உழைத்துக் கிழடான மாட்டைக்கூடத் தான் விற்க மாட்டேன் என்கிறார். ஏதென்ஸில் கீமோன் என்பவர், ஒலிம்பிக்கில் தனக்கு மூன்று முறை வெற்றி தேடித்தந்த குதிரைகளைத் தன் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைக்க வைத்ததையும் எடுத்துச் சொல்கிறார். எனக்கு புளூட்டார்க்கைப் பிடிக்கும். ஆனால் வட்டிக்குக் கைமாற்று வாங்கிக் குழி வெட்டியவர் இல்லை அவர்.

கான்ட் இதற்கு ஒரு தத்துவ ஏற்பாடு செய்தார். பல காலம் உழைத்த கிழட்டுக் குதிரைக்கு, நாய்க்கு, அது வீட்டு மனுஷர்போல நன்றி காட்டுவது மனிதனின் கடமைதான் என்று 1797-இல் எழுதினார். ஆனால் அந்தக் கடமை குதிரைக்குச் சேராது, நமக்கு நாமே பட்ட கடமை, நம் மனசு மரத்துப் போகாமல் இருக்க என்றார். படித்தபோது எரிச்சலாக இருந்தது. நன்றிகூடக் குதிரைக்குப் போய்ச் சேராதா? ஆனாலும் நினைவுப்பொருள் விஷயத்தில் கான்ட் சொன்னதைத் தள்ள முடியவில்லை. அந்த முடிக்கற்றையால் ராணிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது முழுக்க பாயுடையது.

அப்படியானால் அது எதை ஞாபகம் வைக்கிறது என்பதுதான் முக்கியம். கோபன்ஹேகன் உயிரோடு இருந்தபோதே பெண்கள் அதன் முடியைக் கேட்டு வாங்கி நகை செய்து போட்டுக்கொண்டார்கள். அந்த நகையில் இருந்தது வெலிங்டனின் பெருமை. நம் ஊர்த் தீவுத்திடலில் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1839-இல் வைத்தது. சேணம் இல்லை, அங்கவடி இல்லை, சிற்பி மறந்துவிட்டார் என்று தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்கிறோம். கீழே நிற்கிற குதிரை யாருடையது, அதற்குப் பேர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய வெண்கலத்தில் குதிரைக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாய். நாய்க்குப் பேர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல நாய், அழகான நாய் என்றெல்லாம் இல்லை. பேரும் செய்த வேலையும், அவ்வளவுதான். 1400 வருஷம் கழித்து எனக்கு அந்த நாயைத் தெரியும்.

இதைப் படித்த பிறகு பாய் வைத்திருந்த லாடத்தை வேறு மாதிரிப் பார்த்தேன். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். வருஷத்துக்கு 8 தடவை, 11 வருஷத்துக்கு 88 தடவை, காலுக்கு ஒன்றாக 352 லாடம். பாய் வைத்திருந்தது ராணியின் கடைசி ஒன்றரை மாதத்தில் கால் பங்கு. மிச்சமெல்லாம் அந்தந்தச் சமயம் காயலாங்கடைக்குப் போய்விட்டது. எத்தனை பேர் விரலில் கறுப்புக் குதிரையாக இருக்கிறாளோ, யார் கண்டது. அந்த லாடத்தின் வெளி ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "முன்னங்கால் இது. வலது பக்கம் சாஞ்சுதான் வைப்பா. தார் ரோட்ல பேண்டு சத்தத்துல நின்னு நின்னு அப்டி ஆயிருச்சு" என்று கட்டை விரலால் தடவிக் காட்டினார்.

அவர் அவளை நேசித்தார். அவளை வைத்துச் சம்பாதித்தார். மின்விளக்குக் கூட்டத்துக்கும் பட்டாசுக்கும் நடுவில் நடு ராத்திரி வரை நிற்க வைத்தார். இதில் ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் ஞாபகம் வைக்க முடியுமா? வால்முடியைப் பார்த்தால் பிரியம் மட்டும் தெரிகிறது. லாடத்தில் வேலையும் இருக்கிறது. மூன்றை விற்று அவளுக்கே குழி வெட்டியது எனக்கு இப்போது துரோகமாகப் படவில்லை. அவளுடைய கடைசிச் சம்பாத்தியம் அது. இதைச் சொல்லி அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்த முடியாது என்பதும் தெரியும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு போட்டோ. அதிலும் ஒரு சிக்கல். சௌகார்பேட்டையில் நூற்றுக்கணக்கான கல்யாண ஆல்பங்களில் ராணி இருக்கிறாள், பாய் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கடைசியில் அவளே ஒரு ஸ்டுடியோவில் கேட்டு, யாரோ ஒரு மாப்பிள்ளையின் ஊர்வலப் படத்தை வாங்கி வந்தாள். தலைப்பாகை, கையில் வாள், முகத்தை மறைத்த பூச்சரம், கீழே ராணி. மாப்பிள்ளையை வெட்டிவிட்டுக் குதிரையை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன், போனிலேயே செய்யலாம்.

பாய் வேண்டாம் என்றுவிட்டார். "அவன் இருக்கட்டும் தம்பி. அவ தூக்கினவன்தானே."

இப்போது அந்த வீட்டு நடுச்சுவரில் முன்பின் தெரியாத ஒரு மார்வாடிப் பையனின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அதே ஆணியில் லாடம். வருகிறவர்கள் யார் இது, உங்களுக்கு என்ன உறவு என்று அந்தப் பையனைக் காட்டித்தான் கேட்கிறார்கள்.