ஃபுரு என்றொரு பெயர்

விக்டோரியா ஏரியின் தென்கரையில், தன்சானியாவின் முவான்சா நகரைச் சுற்றியுள்ள மீனவர்களுக்கு அந்தச் சின்ன மீன்கள் எல்லாமே ஃபுருதான். பாசி தின்பதும் ஃபுரு, நத்தையை உடைத்துத் தின்பதும் ஃபுரு. மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்தே வயிறு வளர்ப்பது ஒன்று உண்டு. தாய் மீன் வாய்க்குள் வைத்துக் காக்கும் குஞ்சுகளைக் கக்கவைத்து விழுங்குவது இன்னொன்று. அவையும் ஃபுருதான். ஏரியைக் கடந்து உகண்டாப் பக்கம் போனால் அதே கூட்டத்துக்கு என்கெஜே என்று பெயர். ஐந்நூறுக்கு மேற்பட்ட சிக்லிட் இனங்களுக்குக் கரைக்கொரு பெயர் போதுமாயிருந்தது.

இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். நாங்களும் அப்படித்தான். ஆபிரிக்கச் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த திலாப்பியாவை 1952இல் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். மொசாம்பிக் என்ற பெயர் அதன் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அது யப்பான் மீன். தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை. யப்பானுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு யாரும் குழம்பை ஆறவிட்டதில்லை. சாப்பிடுவதற்கு ஒரு பெயர் போதும், பிழையான பெயரும் போதும். வேறு எதற்கு அது போதாது என்பதுதான் என் கேள்வி.

ஃபுருவுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. மீன்பிடித்துறை அறிக்கைகளில் அவை 'கழிவு மீன்'. சிறியவை, முள் நிறைந்தவை, சந்தையில் விலை போகாதவை. இவற்றைத் தின்று பெரிதாகும் ஒரு மீனை விட்டால் கழிவு காசாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஒன்றரை மீற்றருக்கு மேல் வளரக்கூடிய நைல் பெர்ச் 1950களில் உகண்டாக் கரையில் ஏரிக்குள் வந்து சேர்ந்தது. ஜெஃப்ரி ஃபிரையர் என்ற விலங்கியலாளர் 1960இலேயே இது ஆபத்து என்று எழுதினார். எழுத்தோடு நின்றது. 1970களில் முவான்சாவில் இழுவைப்படகுகள் ஃபுருவை அள்ளின. அவை அரைபட்டுத் தீவன மாவாகின. 1980களில் நைல் பெர்ச் பெருகியது. ஏரியின் அடிநீர் மீன்களின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்காயிருந்த ஃபுரு, சில ஆண்டுகளில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஏறத்தாழ 200 இனங்கள் அழிந்திருக்கலாம் என்பது அப்போதைய கணிப்பு. சில பின்னர் திரும்பி வந்தன. அந்த 200 என்பதே ஒரு குத்துமதிப்பு. உயிரோடிருந்தபோது எண்ணப்படாதவற்றை அழிந்த பிறகு எப்படி எண்ணுவது?

ஃபுரு என்ற சொல்லும் கழிவு மீன் என்ற சொல்லும் ஒரே கூட்டத்தைத்தான் சுட்டுகின்றன. இரண்டும் வேறுபாட்டைப் பார்க்க மறுப்பவைதான். ஆனால் முதலாவதைச் சொன்னவர் அதைப் பிடித்தார், காயவைத்தார், அடுத்த நாளும் பிடிக்க வந்தார். இரண்டாவதைச் சொன்னவர் அது முழுவதும் இன்னொன்றின் வயிற்றுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தார். ஒன்றை உண்பதற்கும் ஒன்றை முற்றாக இல்லாமலாக்குவதற்கும் வேண்டிய அறிவின் அளவு ஒன்றல்ல. இரண்டாவது காரியத்துக்கு, இருப்பது எது, எத்தனை, ஒவ்வொன்றும் எப்படி வாழ்கிறது என்று முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்துகொள்ளும் கடமையைத்தான் மீன் வகைப்பாட்டாளர்கள் 'விவரித்தல்' என்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் இவ்வளவு பெரிய சொற்களில் பேசமாட்டார்கள்.

அவர்கள் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும். பக்கக் கோட்டின் செதில்களை எண்ண வேண்டும். தலையின் நீளம் உடல் நீளத்தில் எத்தனை பங்கு, கண்ணின் விட்டம் தலையில் எத்தனை பங்கு என்று இடுக்கிமானியால் அளக்க வேண்டும். பற்கள் ஒரு முனையா இரு முனையா என்று பார்க்க வேண்டும். சிக்லிட் மீன்களுக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. நத்தை உடைப்பதில் அது தடித்துக் கடைவாய்ப் பல் போன்ற பற்களோடு இருக்கும், பூச்சி தின்பதில் மெலிந்திருக்கும். அதையும் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு மீனைத் தெரிவு செய்து, இதுதான் இந்தப் பெயரின் உடைமையாளர் என்று அறிவித்து, மதுசாரத்தில் இட்டு ஓர் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். இனி அந்தப் பெயர் யாருடையது என்று தகராறு வந்தால் அந்தப் போத்தலைத்தான் திறக்க வேண்டும்.

இதில் எனக்கு இரண்டு சங்கடங்கள். ஒன்று, பெயர் பெறுவதற்கு மீன் சாக வேண்டியிருப்பது. இதை நான் பெரிதாக எடுப்பதில்லை. இழுவைப்படகு ஒரு நாளில் அள்ளியதற்கு முன் இது ஒரு கரண்டி. மற்றது கனமானது. மதுசாரத்தில் நிறம் போய்விடும். ஃபுருவில் நிறம்தான் ஆணின் அடையாளம், பெண்களோ பெரும்பாலும் ஒரே சாம்பலும் மண்ணிறமும். பெயரைக் காவல் காக்கும் உடலிலேயே அதன் இனத்தார் அதை அடையாளம் கண்ட குறி இல்லை. பிடித்த அன்று படகில் யாராவது குறித்துவைத்த இரண்டு வரிதான் மிச்சம்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து முவான்சா போன ஆய்வுக் குழு 1977 முதல் அங்கே வேலை செய்தது. அவர்கள் பிடித்ததில் பெரும்பகுதிக்குப் பெயரே இல்லை. முறையான பெயர் வைக்க ஆண்டுக்கணக்காகும் என்பதால் புழக்கத்துக்குச் செல்லப்பெயர்கள் வைத்தார்கள். பல மீன்கள் அந்தச் செல்லப்பெயரோடேயே மறைந்துபோயின. முறைப்படி பெயர் பெற்றவற்றில் ஒன்றுக்கு 1985இல் ஜூலியஸ் நியெரெரேயின் பெயரை வைத்தார்கள். முதுகில் சிவப்பு, விலாவில் மஞ்சள், நடுவில் கறுப்புப் பட்டைகள். ஒரு தேசத்தின் முதல் தலைவருக்கு இப்படியொரு நினைவுச் சின்னம் கிடைப்பது அரிது, சிலையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மீன் என் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது. வருகிற பெரியவர்கள் கேட்பது, "தம்பி, உது சாப்பிடுற மீனோ?" வளர்ப்போர் கேட்பது வேறு: எந்தத் தீவு? மகோபே தீவின் மீனும் பைதான் தீவுகளின் மீனும் நிறத்தில் வேறுபடும். ஊர் தெரியாத மீனை இனப்பெருக்கத்துக்கு எடுக்க அவர்களில் பலர் தயங்குவார்கள். எந்த ஊர் என்ற கேள்வியின் தொல்லையை அறிந்த எனக்கு முதலில் அது எரிச்சலாயிருந்தது. பிறகு காரணம் விளங்கியது.

மகோபேயில் நீர் தெளிவு. அங்கே இந்தச் சிவப்பு மீனும் அதன் நெருங்கிய உறவான நீலமும் இரண்டு இனங்கள். நீலம் மேலே வாழ்கிறது, சிவப்பு ஆழத்தில். பெண் மீன்கள் தம் இனத்து ஆணை நிறத்தால் தெரிவு செய்கின்றன. கழிவுநீரும் வயல்களிலிருந்து அடித்துவரும் மண்ணும் கலங்கவைத்த விரிகுடாக்களில் அந்த நிறம் தெரிவதில்லை. அங்கே இரண்டும் கலந்து, இடைப்பட்ட மங்கல் நிறத்தில் ஒரு கூட்டமாகிவிட்டன. ஒலே சீஹவுசன் என்பவரும் லைடன் ஆய்வாளர்களும் இதை 1997இல் எழுதினார்கள். ஒரு மீனும் சாகவில்லை, ஆனால் இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளைப் பற்றிய உவமை ஒன்று நாக்கு நுனிவரை வரும். அதை நான் சொல்லப் போவதில்லை. மனிதர் கலப்பது யாரும் தண்ணீரைக் கலக்கியதால் அல்ல. மீன் மீனாகவே இருக்கட்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நைல் பெர்ச் ஏரிக்கரையில் இலட்சக்கணக்கானோருக்குத் தொழில் தந்தது. இங்கே கடைகளில் விக்டோரியாபார்ஸ் என்று விற்கும் துண்டு அதுதான். முள்ளில்லை என்பதால் பிள்ளைகளுள்ள தமிழ் வீடுகளில் அதற்கு மதிப்பு. நானும் வாங்குகிறேன். முட்கள் எண்ணப்பட்ட ஐந்நூறு பெயர்களைவிட ஒரு குடும்பத்தின் சோறு பெரிதல்லவா என்று கேட்டால், பெரிதுதான். ஆனால் அப்படியொரு தராசில் வைத்து நிறுத்தவே இல்லையே. ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதைக் கழிவு என்று எழுதிவிட்டார்கள். தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு.

விவரித்தல் எதையும் காப்பாற்றிவிடாது. 1987இல் பெயரிடப்பட்ட ஒரு மீனுக்குத் தீத்தலை என்று பொருள்படும் பெயர். பெயர் வைத்த காலத்திலேயே அது ஏறக்குறைய இல்லாமற்போனது. 1990களில் திரும்பி வந்தபோது அதன் செவுள்கள் பெருத்திருந்தன, தலை மாறியிருந்தது. ஒட்சிசன் குறைந்த நீருக்கு ஏற்ப உடலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. போத்தலில் இருப்பதும் ஏரியில் இருப்பதும் இப்போது அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. பெயர் மட்டும் போத்தலிடம்.

லைடன் ஆய்வாளர்கள் 2010இல் ஒரே கட்டுரையில் ஏழு புதிய இனங்களை விவரித்தார்கள். பிடித்துப் போத்தலில் இட்டுப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. இந்தப் போத்தல்களில் ஏரியில் இனி இல்லாத மீன்களும் இருக்கின்றன. இல்லாததற்கு எதற்குப் பெயர் என்று ஒரு நண்பர் கேட்டார். இருந்தது ஃபுரு மட்டுமல்ல என்று சொல்வதற்கு என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஒருவர் மேசைவிளக்கின் கீழே இடுக்கிமானியை விரித்து, நிறம் போன ஒரு மீனின் கண்ணை அளந்து, முவான்சாவில் எழுதிய குறிப்பேட்டில் அது என்ன நிறம் என்று தேடிக்கொண்டிருக்கக்கூடும்.