குட்டியை வாங்குவதா, அடைக்கலம் தருவதா?

சிறு குழந்தைகள் வாழும் இல்லத்தில் நாய் ஒன்றை வளர்க்க விரும்பினால், பண்ணையில் பிறந்த குட்டியை விலை கொடுத்து வாங்குவது தகுமா, தெருவில் வாழ்ந்து வளர்ந்த நாய்க்கு இடமளிப்பது தகுமா என்னும் வினா இப்போது நம் குடும்பங்களிலும் எழத் தொடங்கியிருக்கிறது. முன்னாளில் இவ்வினாவிற்கே இடமில்லை. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் உள்ள நம் சிற்றூர்களில் நாய் வீட்டிற்குள் வாழ்ந்ததில்லை. அது தெருவிற்கு உரியது. உணவு வேளையில் திண்ணையோரம் வந்து நிற்கும். ஒரு பிடி சோறு பெற்றுச் செல்லும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீடுகளில் அந்த ஒரு பிடியும் பகலிலேயே விழுந்துவிடும் என்பதை அந்நாய்களும் அறிந்திருந்தன!

பணி நிமித்தமாகவும் தொழில் நிமித்தமாகவும் ஊர் பெயர்ந்து, திண்ணையில்லாத வீடுகளில் குடியேறிய பின்னரே, நாயை உள்ளே அழைப்பதா வேண்டாவா என எண்ண வேண்டியதாயிற்று. நான் வாழும் அகரம் திண்டுக்கல்லை அடுத்த சமவெளிச் சிற்றூர். இங்கும் மார்கழி, தை மாதங்களில் தெருவெங்கும் குட்டிகள் ஈனப்படுகின்றன. கரூர்ச் சாலையில் விரையும் ஊர்திகளின் சக்கரங்களுக்கு அவற்றுள் பல இரையாகின்றன. அதே வேளையில், திண்டுக்கல் நகரிலிருந்து வெளிநாட்டு இனக் குட்டிகள் கூடைகளில் வந்து இறங்குகின்றன. ஒரே தெருவில் இவ்விரண்டும் நிகழ்வதைக் காண்கிறோம்.

முதற்கண் நம் பெரியோர் எழுப்பும் தடையைக் கூறிவிட வேண்டும். சுவாமி கார்த்திகேயர் அருளிய கார்த்திகேயானுப்ரேக்ஷை, பூனை முதலிய கொலைப் பிராணிகளை வளர்ப்பதை அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக வைத்து விலக்குகிறது. ஆகவே சமண இல்லறத்தார் நாய் வளர்ப்பதே தகாது என்பர் சிலர். இத்தடையை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. தென்பாண்டி நாட்டில் புகழ்பெற்ற கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்கள் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. அவ்வினக் குட்டியைப் பெருமைக்காக வாங்கி வளர்ப்போர், அது ஒரு நாள் அணிலையோ முயலையோ கவ்விக் கொண்டு வந்து வாயிலில் போடும்போது வியப்படைய உரிமையற்றவர். ஆயினும், கொலைத்தொழிலுக்குத் துணையாக ஒரு பிராணியைப் பெருக்குவதும், பிறந்துவிட்ட உயிர் பசித்து வாயிலில் நிற்கையில் அதற்கு ஊணிடுவதும் ஒன்றாகா. நூல் விலக்குவது முன்னதையே என்று நான் கொள்கிறேன்.

நம் காப்பிய மரபும் இதற்குச் சான்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னாளில் கட்டியங்காரனிடமிருந்து அவனைக் காத்தது. கதையை நம் குழந்தைகள் எல்லோரும் அறிவர். அந்த நாய் எந்த இனம், யார் வளர்த்தது, எத்தனை பொன் விலை என்பது காப்பியத்தில் இல்லை என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இனி நம் வினாவிற்கு வருவோம். எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. உமாஸ்வாமி ஆசாரியார் தத்வார்த்த சூத்திரத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தெனக் கூறுகிறார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். சமந்தபத்ர ஆசாரியாரின் இரத்தினகரண்டகமும், அதனை வழிமொழியும் அருங்கலச்செப்பும் இவற்றையே உரைக்கின்றன. வண்டி மாட்டையும் ஏர்க்காளையையும் கருதிச் சொல்லப்பட்டவை என இவற்றை நாம் படித்துக் கடந்துவிடுகிறோம். வீட்டு நாயின் வாழ்வோ இவ்வைந்திற்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

நான்காவதாகிய பாரம் ஏற்றுதலையே இங்கு விரித்துக் கூற விரும்புகிறேன். குட்டியை விரும்புவோர் கூறும் காரணம் ஒன்றே: குட்டியும் குழந்தையும் உடன் வளரும், ஒன்றையொன்று அறியும், ஆகவே தீங்கில்லை. கேட்பதற்கு இனிய சொல். உண்மையில் அவை உடன் வளர்வதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கு வயது நிரம்புவதற்குள் குட்டி முழு நாயாகிவிடும். அக்குழந்தை பத்தாம் வகுப்பிற்கு வருகையில் அது முதுமையில் தளர்ந்து கிடக்கும். குட்டி நாளொன்றிற்குப் பதினெட்டு மணி நேரத்திற்கு மேலும் உறங்க வேண்டிய உயிர். மூன்றாம் நான்காம் மாதம் தொடங்கிப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அப்போது கைக்கு எட்டியதையெல்லாம் கடிக்கும். அதன் பற்களோ ஊசிமுனை. உறங்கும்போது எழுப்பப்பட்டும், வாலைப் பற்றி இழுக்கப்பட்டும், தூக்கிக் கீழே போடப்பட்டும் வாழ்நாளைத் தொடங்கும் குட்டி, ஓராண்டு நிறைந்தபின் குழந்தைகளைக் கண்டு மகிழும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்? ஒரு குழந்தைக்கு ஓயாத விளையாட்டுத் துணையாக இருக்கும் பணியை, தானே குழந்தையாக உள்ள உயிரின் தலையில் ஏற்றுகிறோம். அதிபாரம் என்பது மூட்டை மட்டுமன்று.

வளர்ந்த நாயின் நிலை வேறு. இரண்டு மூன்று ஆண்டுகள் நம் தெருவிலேயே வாழ்ந்த நாயின் இயல்பு மறைவாக இருப்பதில்லை. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடும்போது அது வாலாட்டுகிறதா, உறுமுகிறதா, ஒதுங்கிப் போகிறதா என்பதைத் தெருவே கண்டிருக்கும். உணவு உண்கையில் யாரேனும் அருகே சென்றால் பல்லைக் காட்டுகிறதா? துடைப்பத்தையோ கோலையோ கண்டால் நடுங்குகிறதா? நடுங்கும் நாய் அடியுண்ட நாய். அச்சமே பல கடிகளுக்குக் காரணம். ஆசிரியப் பயிற்சியில், மாணவனை ஒரு நாள் தேர்வால் அறிவதினும் ஒரு திங்கள் உற்றுநோக்கி அறிவதே மேல் என்று கற்பித்தார்கள். நாற்பதாண்டுப் பணியில் அக்கூற்றைப் பொய்யெனக் கண்டதில்லை. குட்டியிடம் உற்றுநோக்க இன்னும் எதுவும் உருவாகவில்லை. அது எத்தகைய நாயாகும் என்பதைப் பெற்ற தாயைக் கண்டு ஓரளவு கூறலாம். விற்பவர் தாயைக் காட்டுவதில்லை.

அந்தத் தாயைப் பற்றியும் நாம் எண்ண வேண்டும். 2017-இல் மைய அரசு வகுத்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்கின்றன. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை, குளிர்நாட்டு இனங்கள் சிலவற்றை நம் வெப்ப நிலத்தில் பெருக்குவதைத் தடுத்தது. சட்டம் இத்தனை தூரம் இறங்கி வந்து கட்டளையிட நேர்ந்ததிலிருந்தே அவ்வாணிகம் எவ்வாறு நடந்து வந்தது என்பதை ஊகிக்கலாம். கிருதம், காரிதம், அனுமோதனை எனத் தான் செய்தலும் பிறரைச் செய்வித்தலும் உடன்படுதலும் ஒத்த வினை என்று நாள்தோறும் ஓதுகிறோம். கூண்டில் மீண்டும் மீண்டும் ஈன்று தேயும் ஒரு தாயின் துன்பத்திற்கு, குட்டிக்கு விலை கொடுப்பவர் காரிதர் அல்லரோ?

உணவைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சமையலறையில் புலால் புகுவதில்லை. விலைக்கு வாங்கும் குட்டியோடு பெரும்பாலும் ஒரு பொட்டலமும் வருகிறது; அதன் மேலுறையைப் படித்தால் கோழியும் மீனும் அதில் அரைபட்டிருப்பது தெரியும். நம் கை சமைக்கவில்லை என்பதால் அது நம் வீட்டிற்குள் வரவில்லை என்றாகாது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, மாப்பொருளைச் செரிக்கும் திறன் ஓநாயினும் நாய்க்கு மிகுந்திருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் இட்டதை உண்டு வந்ததன் விளைவு அது. சோறும் பருப்பும் தயிரும் உண்டு வளர்ந்த தெருநாய்க்கு நம் வீட்டு உணவு புதிதன்று. ஆயினும் கால்நடை மருத்துவரைக் கேட்டு, குறைவுபடும் சத்துகளைச் சேர்த்தே இட வேண்டும். நம் விரதத்தின் பெயரால் அதை மெலியவிடுதலும் ஐந்தாம் அதிசாரத்தின்பாற்படும்.

தாய்மார்கள் அஞ்சுவது இவற்றையெல்லாம் அன்று, வெறிநோயை. அவ்வச்சம் நியாயமானதே. உலக நலவாழ்வு நிறுவனம், வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோருள் 40 விழுக்காட்டினர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர் என்கிறது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை; தோன்றுமுன் தடுப்பூசி முறையாகப் பெற்றால் முற்றிலும் தடுத்துவிடலாம். கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; மஞ்சளோ சுண்ணாம்போ அப்பலாகாது. ஒன்றைத் தாய்மார்கள் மறந்துவிடுகிறார்கள். குட்டியின் கடியை யாரும் கடியெனவே மதிப்பதில்லை. பால்பல் தானே என்று துடைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதம் வரை குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் பொதுவாக இடப்படுவதில்லை. தடுப்பூசி பெற்று, கருத்தடை செய்யப்பட்டு, அதன் அடையாளமாகக் காதோரம் சிறிது வெட்டப்பட்ட வளர்ந்த நாய், இவ்வகையிலும் குட்டியினும் ஐயம் குறைந்தது.

கருத்தடை என்றவுடன், அது மூன்றாம் அதிசாரமாகிய உறுப்பறுத்தல் ஆகாதோ என்று கேட்பர். அழகிற்காகக் காதையும் வாலையும் நறுக்குவது ஐயமின்றி அதுவே. கருத்தடையைக் குற்றமற்றது என்று நான் துணிந்து கூறமாட்டேன். இம்சையின் வேர் பிரமாதம், அதாவது கவனமின்மையும் கஷாயமும் கலந்த செயல் என்பதே நம் ஆசாரியர் கொள்கை. மயக்க மருந்து தந்து, நோவாற்றி, சாலையில் நசுங்கிச் சாகவிருக்கும் குட்டிகளின் பிறப்பைத் தடுக்கும் செயலில் குரோதமோ லோபமோ இல்லை. இல்லறத்தார் சிறிய தீங்கைக் கொண்டு பெரிய தீங்கைத் தவிர்க்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று. 1959-இல் சென்னை மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் மீட்டு இல்லத்திற்குக் கொணர்ந்ததிலிருந்தே புளூ கிராஸ் அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பினர் 1964 முதல் கருத்தடையை வலியுறுத்தி வந்தும், சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதைக் கைவிட்டு அம்முறைக்கு மாறியது 1996-இல்தான். முப்பதாண்டுக்கு மேல் கழிந்த அந்த இடைவெளியில் மாண்ட நாய்களை எண்ணினால், கத்தியின் சிறு காயம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

2025 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் ஆயம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்கக் கட்டளையிட்டது. அதே மாதம் 22-இல் மூவர் ஆயம் அதனை மாற்றி, வெறிநோயும் மூர்க்கமும் உடையவற்றை நீக்கி, ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. அவ்வாணையில் நம் வினாவிற்குரிய வரி ஒன்றுண்டு: விரும்புவோர் உள்ளாட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவிற்குத் திரும்பாதவாறு காப்பது அவர் பொறுப்பு. விரதத்தை ஏற்பவர் இடையில் கைவிடலாகாது என்பதைப் போன்றதே இது. வீடு மாறும்போதும், அடுத்த குழந்தை பிறக்கும்போதும், நாய் நோயுறும்போதும் அப்பொறுப்பு நீங்காது. பகலெல்லாம் மாடிப்படியின் கீழ்ச் சங்கிலியில் கட்டிவைத்து, மாலையில் பிள்ளைகள் வந்தபின் அவிழ்ப்பதும் அடைக்கலம் ஆகாது, அது பந்தம்.

ஆகவே என் துணிபு இது. விலைக்கு வாங்கும் குட்டி வேண்டா. தொலைவிலுள்ள காப்பகத்திலிருந்து இயல்பறியாத நாயை ஒரே நாளில் குழந்தைகளிடையே கொணர்வதும் வேண்டா. தம் தெருவிலேயே வாழ்ந்து, குழந்தைகளோடு பழகி, யாரையும் கடித்தறியாத வளர்ந்த நாய்க்கு இடமளிக்கலாம். பெண்ணாயிருப்பின் கருத்தடைக்குப் பின். முதல் சில வாரங்கள் வாயிற்புறமே அதற்கு இடமாகட்டும். உணவைப் பெரியவர் இடட்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகள் அணுகாதிருக்கப் பழகட்டும். எத்துணைச் சாதுவாயினும், சிறு குழந்தையையும் நாயையும் தனித்து விட்டு அகலலாகாது. கடித்துவிட்டால் குழந்தைக்குக் காயம்; நாய்க்கோ அடியும் துரத்தலும். தாயை ஊர்திக்குப் பறிகொடுத்த குட்டி மார்கழிப் பனியில் வாயிலில் கிடந்தால், எடுத்துக் காப்பாற்றாமல் இருக்க முடியுமா? எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது பெரியவர்களின் குட்டி. பிள்ளைகளின் பொம்மை அன்று.

ஐந்து வயது நிறையாத குழந்தையுள்ள வீட்டார் இரண்டொரு ஆண்டு பொறுத்திருப்பதே நன்று. அதுவரை வாயிலில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்து வடிகட்டிய நீரை நிரப்பிவரலாம். திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் தெருநாய்கள் தாமே அதனைத் தேடி வரும், எது எத்தகையது என்பதைக் குழந்தையும் சன்னலிலிருந்தே கண்டுகொள்ளும். தொட்டியின் நீரை மட்டும் நாள்தோறும் மாற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் கொசுப்புழு பிறந்துவிடும், பின்பு அந்நீரைக் கொட்டுவதும் தயக்கமாகிவிடும்.