துணைக்கு இறங்குபவர் யார்?

கேதார மலைப்பகுதியில், சோப்தாவிலிருந்து துங்கநாதர் ஆலயம் வழியாகச் சுமார் 4,000 மீட்டர் உயரமுள்ள சந்திரசிலைக்கு ஏறும் பாதையில் வசந்தத்திலும் பனி கிடப்பதுண்டு. விடியுமுன் புறப்படுவதே முறை. வெயில் ஏறினால் இறுகிய பனி இளகிக் கால் புதையும். ஆகவே அங்கே காத்திருப்பதும் எளிதன்று.

நண்பர் நால்வர் ஏறுகையில் ஒருவர் தலைவலியும் மூச்சிரைப்புமாக அமர்ந்துவிடுகிறார். "நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. அதையே அனுமதியாகக் கொள்வது பிறருடைய வசதி. உயரத்தால் வந்த தலைவலி கூடினால் இறங்குவதே மருந்து. தனியே இறங்குபவர் தடுமாறினால் தாங்க ஆளில்லை.

ஒருவர் துணைக்கு இறங்க, மற்ற இருவர் மேலே செல்லலாம் அன்றோ? நியாயமே. ஆனால் பெரும்பாலும் அடுத்துக் களைத்தவரையே துணைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சரிவில் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க வல்லவரோ குழுவில் வலிமை மிக்கவர். சிகரத்தை எளிதில் எட்டக்கூடியவரும் அவரே.